கம்பியில் கோளாறு, பழி கம்ப்யூட்டருக்கு!

2025 செப்டம்பர் 30-ஆம் தேதி அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் தன்னுடைய டயலப் இண்டர்நெட் சேவையை நிறுத்தியது. செய்தி வந்ததும் வலையெங்கும் ஒரே பாசமழை. மோடம் போடும் அந்த "கீ...ங்... கர்ர்ர்" சத்தத்தைப் பகிர்ந்துகொண்டு, "அது ஒரு காலம்!" என்று ஆளாளுக்கு உருகினார்கள்.

உருகட்டும், தப்பில்லை. ஆனால் அந்தச் சத்தம் ஒழுங்காகக் கேட்டு முடிவதற்குள் எத்தனை வீட்டில் எத்தனை சண்டை நடந்தது என்பதை யாரும் பகிரவில்லை. எத்தனை பிள்ளைகள் "நீதான் எதையோ நோண்டிட்டே" என்று திட்டு வாங்கினார்கள், எத்தனை கம்ப்யூட்டர்கள் ஒரு தப்பும் செய்யாமல் ஃபார்மேட் செய்யப்பட்டன என்ற கணக்கும் எங்கும் இல்லை. சத்தம் போய்விட்டது. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு கெட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. சேவை வராவிட்டால் முதலில் வாடிக்கையாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பழக்கம்தான் அது! இந்தக் கட்டுரை அந்தப் பழக்கத்துக்கு எதிரானது.

முதலில் கொஞ்சம் பழங்கதை

டயலப்பைக் கண்ணால் பார்க்காத தலைமுறை இப்போது கல்லூரியில் இருக்கிறது. அவர்களுக்காகச் சுருக்கமாக.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இண்டர்நெட்டை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொடக்கத்தில் அது பெரிய நகரங்களுக்குத்தான். 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. 2000 அக்டோபர் 1 அன்று பி.எஸ்.என்.எல். பிறந்தது. அதற்குப் பிறகுதான் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களின் நடுத்தர வீடுகளில், கம்ப்யூட்டருக்கும் டெலிபோனுக்கும் நடுவே ஒரு ஒயர் ஓட ஆரம்பித்தது.

வேலை செய்யும் விதம் எளிது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மோடம், ஒரு மனிதன் போன் செய்வது போலவே, இண்டர்நெட் கம்பெனியின் நம்பருக்கு டயல் செய்யும். சஞ்சார்நெட் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு 172233 என்ற நம்பர் இன்றும் ஞாபகம் இருக்கும். மறுமுனையில் இன்னொரு மோடம் எடுக்கும். இரண்டும் கூச்சலிட்டு ஒன்றை ஒன்று அளந்துகொள்ளும். அந்தக் கூச்சல்தான் இன்று எல்லோரும் உருகுகிற சத்தம். பிறகு யூசர் நேம், பாஸ்வேர்ட் சரிபார்க்கப்படும். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்ப்யூட்டரும் மோடமும் வீட்டுக்காரருடையவை. கம்பி, கம்பம், எக்ஸ்சேஞ்ச், மறுமுனை மோடம், கணக்கு சரிபார்க்கும் கம்ப்யூட்டர் எல்லாம் சேவை தருபவருடையவை. இந்தச் சங்கிலியில் வீட்டுக்காரர் கையில் இருப்பது கடைசி இரண்டு கண்ணிகள் மட்டுமே. ஆனால் சங்கிலி எங்கே அறுந்தாலும் முதலில் சோதிக்கப்பட்டது அந்த இரண்டு கண்ணிகள்தான்!

ஒரு ஐப்பசி மாத சாயங்காலம்

2003-ஆம் வருடம், பாளையங்கோட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட யார் வீடும் இல்லை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த எந்த வீட்டையும் நினைத்துக்கொள்ளலாம். இரண்டு நாளாக அடைமழை. பையன் அரை மணி நேரமாக டயல் செய்துகொண்டிருக்கிறான். கனெக்ட் ஆகிறது, இரண்டு நிமிடத்தில் அறுந்துபோகிறது.

"என்னலே, இன்னும் ஆவலையா? காலையில எதையோ அழிச்சியே, அதான் போயிருக்கும்."

"இல்லப்பா, போன்லயே கரகரன்னு சத்தம் வருது."

"போன்ல பேச முடியுதுல்லா? அப்பொறம் லைன்ல என்ன கோளாறு? ஒழுங்கா இருந்தத நீதான் கெடுத்திருப்பே."

மறுநாள் போன் ஆபீசில் கேட்டால் பதில் ரெடியாக இருக்கிறது: "டயல் டோன் வருதுல்லா சார்? அப்போ லைன் ஓகே. உங்க சிஸ்டத்தப் பாருங்க." இண்டர்நெட் கம்பெனியின் உதவி நம்பரில் கேட்டால் அங்கேயும் அதே பாட்டு: "எங்க சைடுல எல்லாம் சரியா இருக்கு சார். மோடத்தை ரீ-இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க."

கடைசியில் சிஸ்டம் பார்க்கிற அண்ணன் வருகிறார். "வைரஸா இருக்கும் அண்ணாச்சி, ஃபார்மேட் அடிச்சாத்தான் சரியாவும்" என்கிறார். ஃபார்மேட் ஆகிறது. அக்கா கல்யாண போட்டோக்கள் போகின்றன. பையன் அடித்து வைத்திருந்த பிராஜக்ட் போகிறது. கூலி கொடுத்தாகிறது. அதற்குள் மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடிக்கிறது. கனெக்ஷன் பிரமாதமாக வருகிறது!

"பாத்தியாலே, சிஸ்டத்துலதான் கோளாறு" என்கிறார் அப்பா.

இல்லை. கம்பத்தில் இருந்த ஜாயிண்ட் காய்ந்துவிட்டது. அடுத்த மழையில் அது மறுபடி நனையும். மறுபடி ஒரு ஃபார்மேட்!

டயல் டோன் வந்தால் லைன் நல்லது - இது பொய்

அந்தக் காலத்தின் மிகப் பெரிய மூடநம்பிக்கை இதுதான். போனில் பேச முடிகிறது என்பதற்காக லைன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

டெலிபோன் லைன் கிட்டத்தட்ட 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கடத்துவதற்காக அமைக்கப்பட்டது. மனிதப் பேச்சுக்கு அது தாராளம். பேச்சில் பாதி காதில் விழாவிட்டாலும் மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும். "என்ன மாமா, கேக்கலை, சத்தமா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே அரை மணி நேரம் பேசிவிடலாம். மோடத்துக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அதே குறுகிய இடைவெளிக்குள் ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் பிட்களை அது திணித்தாக வேண்டும். ஜாயிண்டில் நீர் இறங்கினாலும், கம்பி முனை துருப்பிடித்தாலும், இரண்டு கம்பிகளுக்கு நடுவே லேசாக மின்கசிவு இருந்தாலும், காதுக்கு அது சின்னக் கரகரப்பு. மோடத்துக்கு அது மரண அடி.

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை. கனெக்ட் ஆனதும் திரையின் மூலையில் ஒரு வேகம் காட்டுமே, அதுதான் லைனின் மார்க் ஷீட். 1998-இல் வந்த வி.90 என்ற தரத்தில்தான் "56 கே" மோடம்கள் இயங்கின. நல்ல லைனில் 44,000, 45,333, 49,333 என்பது போன்ற எண்கள் வரும். லைன் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் மோடம் பழைய வி.34 தரத்துக்கு இறங்கிவிடும். அப்போது 33,600, 31,200, 28,800, 26,400 என்று 2400-இன் மடங்குகளில் எண்கள் வரும். அதாவது வெயில் நாளில் 45,333 காட்டிய அதே கம்ப்யூட்டர், மழை நாளில் 26,400 காட்டினால் மாறியது கம்ப்யூட்டர் இல்லை! மோடம் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்த சாட்சி அது. எத்தனை பேர் அதைக் குறித்து வைத்துக்கொண்டு போன் ஆபீசுக்குப் போனார்கள்? அப்படிச் செய்யலாம் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

டயல் டோன் விஷயத்தில் இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. காதில் வைத்தால் டோன் கணீரென்று கேட்கும். கம்ப்யூட்டரோ "680: டயல் டோன் இல்லை" என்று அடம் பிடிக்கும். ஒவ்வொரு நாட்டின் டயல் டோனும் ஒவ்வொரு மாதிரி. அமெரிக்காவில் 350, 440 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகள் சேர்ந்தது. இந்தியாவில் 400 ஹெர்ட்ஸ். எந்த நாட்டுக்கு அமைக்கப்பட்டிருக்கிறதோ அந்த நாட்டு டோனை எதிர்பார்த்து மோடம் காத்திருக்கும். பொருந்தவில்லை என்றால் "டோனே இல்லை" என்று சொல்லிவிடும். செட்டிங்கில் "டயல் டோனுக்குக் காத்திரு" என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால், அல்லது கூடுதல் கட்டளையாக "எக்ஸ்3" என்று கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அரை நிமிட வேலை! மோடம் பெட்டிக்குள் இதைத் தமிழில் ஒரு வரி அச்சடித்து வைத்திருந்தால் போதும். அதற்குப் பதிலாக நல்ல மோடத்தைக் கழற்றி எறிந்து புது மோடம் வாங்கியவர்கள் உண்டு.

பிழை எண்: படிக்கத் தெரிந்தால் அதுவே தீர்ப்பு

விண்டோஸ் காட்டிய பிழை எண்கள் உண்மையில் நல்ல துப்பு. சங்கிலி எங்கே அறுந்தது என்று அவை கிட்டத்தட்டச் சொல்லிவிடும்.

- 680: டயல் டோனே மோடத்துக்குக் கேட்கவில்லை. ஒயர், லைன் அல்லது மேலே சொன்ன டோன் பிரச்சினை.
- 676: மறுமுனை பிசி. நம்பருக்கு வரும் கூட்டத்துக்கு மோடம்கள் போதவில்லை.
- 678: மறுமுனை பதில் சொல்லவில்லை.
- 691: மறுமுனை எடுத்துவிட்டது. யூசர் நேம், பாஸ்வேர்ட் ஏற்கப்படவில்லை.
- 718: மறுமுனை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு வர வேண்டிய பதில் நேரத்துக்கு வரவில்லை.

676-ஐப் பார்த்துவிட்டு எந்தப் பையனையாவது திட்டினால் அது அநியாயம் இல்லையா? பஸ்ஸில் இடம் இல்லை என்பதற்காக டிக்கெட் எடுக்க வந்தவனை அடிப்பது போன்றது அது. 691-க்கு ஃபார்மேட் அடிப்பதோ அதைவிடக் கொடுமை. கேப்ஸ் லாக் எரிகிறதா, கணக்கில் மணி நேரம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் அது.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இந்தப் பட்டியலில் இன்னொரு விஷயமும் புரிய வேண்டும். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பதுதானே இரட்டைப் பதிவு முறையின் முதல் பாடம்? மறுமுனை அழைப்பை எடுத்த நொடியிலிருந்து டெலிபோன் மீட்டர் ஓடும். 676 வந்தால் வீட்டுக்காரருக்குச் செலவு இல்லை, எரிச்சல் மட்டும்தான். 691-உம் 718-உம் வந்தாலோ இண்டர்நெட் வரவில்லை, ஆனால் ஒரு யூனிட் போயிருக்கும். அவருக்குப் பற்று. வரவு யாருக்கு?

ஒரு யூனிட்டுக்கு 3 நிமிடம் என்று வைத்துக் கணக்குப் போடலாம். அறுபடாமல் 30 நிமிடம் இருந்தால் 10 யூனிட். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தால் அதே 30 நிமிடத்துக்கு 15 முறை டயல் செய்ய வேண்டும், 15 யூனிட். ஒன்றரை மடங்கு! அதிலும் ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் கூச்சலிலேயே போய்விடும். ஆக, லைன் எவ்வளவு மோசமோ பில் அவ்வளவு அதிகம். கெட்டுப்போன பாலை விற்றுவிட்டு, நல்ல பாலைவிட அதிக விலை கேட்கும் கடையை எங்காவது பார்த்ததுண்டா? டயலப் அப்படி ஒரு கடைதான். மாதக் கடைசியில் பில் வந்ததும் திட்டு வாங்கியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு டெலிபோனுக்கு ஒரு குட்டிப் பூட்டு!

"வீட்டில் கோளாறே இருந்ததில்லையா?"

நியாயமான கேள்வி. நிறையவே இருந்தது. பக்கத்து அறையில் எக்ஸ்டென்ஷன் போனை அம்மா எடுத்தால் கனெக்ஷன் அறுந்துவிடும். பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பதும் நடக்கும். சித்திரை மாதக் கோடை மழையில் இடி இறங்கினால், டெலிபோன் கம்பி வழியாக வந்த மின்னழுத்தம் மோடத்தைச் சுட்டுவிடும். பொதிகை அடிவாரத்து ஊர்களில் இடிச் சத்தம் கேட்டதுமே ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கப் பழகியவர்கள் உண்டு. இண்டர்நெட் கனெக்ஷனை ரகசியமாக வெளிநாட்டு நம்பருக்கு மாற்றி ஐ.எஸ்.டி. பில் ஏற்றிவிடும் "டயலர்" புரோகிராம்களும் இருந்தன.

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வார்ம் வந்தது. விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர் இண்டர்நெட்டில் இணைந்த கொஞ்ச நேரத்தில் "60 நொடியில் ஷட் டவுன் ஆகும்" என்று கடிகாரம் ஓடும். பார்க்கிறவர்களுக்கு அது கனெக்ஷன் கோளாறு போலவே தெரியும். அது கம்ப்யூட்டர் பக்கத்துக் கோளாறுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மருந்து எங்கே இருந்தது? அதே இண்டர்நெட்டில்! மறு ஆண்டு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2-இன் முழுத் தொகுப்பு சுமார் 266 மெகாபைட். விநாடிக்கு 4 கிலோபைட் வருகிற டயலப்பில் அதை இறக்க ஏறக்குறைய 19 மணி நேரம். அதே 3 நிமிடக் கணக்கில் 380 யூனிட். நடுவில் ஒருமுறை அறுந்தால்? பாதுகாப்பும் நல்ல லைன் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது.

எனவே கோளாறு இரண்டு பக்கமும் இருந்தது. இங்கே வாதம் வேறு. எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும் கருவி யாரிடம் இருந்தது, கண்டுபிடிக்கும் பொறுப்பு யார் தலையில் கட்டப்பட்டது என்பதே கேள்வி. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தபடியே ஒரு லைனின் மின்தடையையும் கசிவையும் அளந்துவிட முடியும். கருவி அவர்களிடம் இருந்தது. "உங்க சிஸ்டத்தப் பாருங்க" என்று பொறுப்பு மட்டும் இந்தப் பக்கம் தள்ளப்பட்டது.

லைன்மேன் அண்ணாச்சிகள் மேல் யாரும் கோபப்படக் கூடாது. கொட்டுகிற மழையில் கம்பத்தில் ஏறி, ஜாயிண்டைப் பிரித்துத் துடைத்து, மறுபடி முறுக்கிக் கட்டிவிட்டு இறங்கியவர்கள் அவர்கள். அவர்கள் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால், கீழே உட்கார்ந்து "லைன் ஓகே" என்று சொல்லி அனுப்பிய முறைதான் குற்றவாளி.

வீட்டிலேயே செய்திருக்கக்கூடிய நான்கு சோதனை

இதையெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும்.

1. வீட்டிலுள்ள எல்லா எக்ஸ்டென்ஷனையும் மோடத்தையும் கழற்றிவிட்டு, லைன் வீட்டுக்குள் நுழைகிற பெட்டியிலேயே ஒரு சாதாரண போனை மாட்ட வேண்டும். டயல் டோன் வந்ததும் ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அமுக்கினால் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் கவனித்துக் கேட்க வேண்டும். கரகரப்பு கேட்டால் கோளாறு வெளியே.

2. அமைதியாக இருந்தால் வீட்டு ஒயரையும் எக்ஸ்டென்ஷன்களையும் ஒவ்வொன்றாக மாட்டி மறுபடி கேட்க வேண்டும். எதை மாட்டியதும் கரகரப்பு வருகிறதோ அதுதான் திருடன்.

3. அதே போனில் இண்டர்நெட் நம்பருக்கு டயல் செய்ய வேண்டும். கீச்சென்று மோடம் சத்தம் கேட்டால் மறுமுனை உயிரோடு இருக்கிறது. மணி அடித்துக்கொண்டே இருந்தாலோ பிசி என்று வந்தாலோ கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம்.

4. கண்ட்ரோல் பேனலில் மோடத்தின் டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்துக்குப் போய்ச் சோதித்தால், மோடம் தன் விவரங்களை வரிசையாகச் சொல்லும். சொன்னால் மோடமும் டிரைவரும் ஒன்றை ஒன்று புரிந்துகொள்கின்றன என்று அர்த்தம். அப்புறம் எதற்கு ரீ-இன்ஸ்டால்?

நான்கிலும் ஃபார்மேட் என்ற வார்த்தையே வரவில்லை என்பதைக் கவனிக்கவும்!

கடைமடைக்காரனிடம் கேளுங்கள்

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இந்த நியாயத்தைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். கடைமடையில் ஒருவர் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? வரப்பில் எலிவளை இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார். பிறகு நேரே வாய்க்கால் ஓரமாக மேலே நடப்பார். மடை திறந்திருக்கிறதா, நடுவில் அடைப்பா, அணையிலேயே தண்ணீர் விடவில்லையா என்று பார்ப்பார். "வாய்க்காலில் ஈரம் இருக்கிறதே, அப்போ தண்ணீர் வருது, உன் வயலைக் கொத்திப் போட்டு மறுபடி உழு" என்று யாராவது சொன்னால் சும்மா விடுவாரா?

டயலப் காலத்தில் இதே வயல்காரரின் மகனுக்கு அதுதான் சொல்லப்பட்டது. டோன் வருகிறது, எனவே லைன் ஓகே, உன் கம்ப்யூட்டரை அழித்துவிட்டு மறுபடி போடு. தண்ணீர் விஷயத்தில் ஏமாறாத ஊர், இண்டர்நெட் விஷயத்தில் தலையாட்டியது. காரணம், வாய்க்கால் கண்ணுக்குத் தெரியும், கம்பிக்குள் ஓடுவது தெரியாது. அதோடு எச்சரிக்கைகள் எல்லாம் இங்கிலீஷில் வந்தன. இங்கிலீஷில் திட்டு விழுந்தால் தப்பு தன் மேல்தான் என்று நினைத்துக்கொள்ளும் வியாதி இங்கே பலருக்கு உண்டு.

பழங்கதை எதற்கு இப்போது?

"டயலப்தான் செத்துப்போச்சே, இன்னுமா புலம்பல்?" என்று கேட்கலாம். 2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தது. 256 கே.பி.பி.எஸ்., எப்போதும் இணைப்பில் இருப்பது என்று இலக்கணம் வகுத்தது. 2005-இல் பி.எஸ்.என்.எல்.-இன் டேட்டாஒன் வந்தது. பிறகு மொபைல், பிறகு ஃபைபர். மோடம் சத்தம் நின்றுபோனது.

ஆனால் இன்று ஃபைபர் அறுந்தால் என்ன நடக்கிறது? வீட்டிலுள்ள பெட்டியில் "எல்.ஓ.எஸ்." என்ற சிவப்பு விளக்கு எரிகிறது. ஒளி வந்து சேரவில்லை என்று அதற்கு அர்த்தம். வீட்டுக்குள் கேபிள் மடங்கியிருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் பெட்டிக்கு ஒளி வருகிறதா இல்லையா என்பதைக் கம்பெனி தன் இடத்திலிருந்தே பார்த்துவிட முடியும். அப்படியிருந்தும் உதவி நம்பரில் முதல் வாசகம் என்ன? "ரூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்." இருபது வருடத்தில் தாமிரக் கம்பி கண்ணாடி இழையானது. வாசகம் மட்டும் மாறவில்லை!

2020-இல் கொரோனா காலத்தில் வகுப்புகள் எல்லாம் ஆன்லைனுக்குப் போனபோது, "நெட் இல்லை சார்" என்று சொன்ன மாணவனைச் சாக்குச் சொல்கிறவனாகப் பார்த்ததும் இதே பழக்கத்தின் நீட்சிதான். மொட்டை மாடியிலும் மரத்தடியிலும் சிக்னல் தேடி நின்றவன் கையில் கோளாறை நிரூபிக்க என்ன இருந்தது? வருகைப் பதிவேட்டில் ஆப்செண்ட் மட்டும் விழுந்தது.

2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் தண்ணீரில் தத்தளித்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. அப்போது போன் வேலை செய்யாததற்கு யாரும் "போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லியிருக்க முடியாது. ஊரே முழுகியபோது கோளாறு எங்கே என்பதில் சந்தேகம் வரவில்லை. 2024-இல் டிராய் கொண்டுவந்த புதிய சேவைத்தர விதிகளிலும், ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் வாடிக்கையாளருக்குக் கட்டணச் சலுகையோ கூடுதல் நாட்களோ தர வேண்டும் என்று சொல்லப்பட்டது. நல்ல விஷயம், பாராட்ட வேண்டியது. டயலப்புக்கும் 2001 டிசம்பரிலேயே டிராய் ஒரு சேவைத்தர விதி போட்டிருந்தது. விதிகளுக்குப் பஞ்சம் இல்லை.

ஆனால் மாவட்டமே முழுகினால்தான் நியாயமா? ஒரே ஒரு தெருவின் கடைசி வீட்டில், ஒரே ஒரு ஜாயிண்டில் தண்ணீர் இறங்கினால் அது கோளாறு இல்லையா? அந்த வீட்டில் ஒரு மாணவி அன்றைக்குக் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தால், அவளுக்கு அது மாவட்டம் முழுகியதற்குச் சமம்தானே?

கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. புகார் வந்ததும் வாடிக்கையாளரிடம் "அதைக் கழற்று, இதை மாட்டு" என்று சொல்வதற்கு முன்னால், கம்பெனி தன் பக்கத்தைச் சோதிக்கட்டும். என்ன சோதித்தோம், என்ன அளவு வந்தது, எத்தனை மணிக்குச் சோதித்தோம் என்பதைப் புகார் எண்ணோடு சேர்த்துத் தமிழில் அனுப்பட்டும். கோளாறு தன் பக்கம் என்றால் அந்த நாட்களுக்கான பணத்தைக் கேட்காமலேயே கழிக்கட்டும். கோளாறு வீட்டுப் பக்கம் என்றால் அதை ஆதாரத்தோடு சொல்லட்டும். அப்போது ரூட்டரை ரீஸ்டார்ட் செய்ய யாருக்கும் வருத்தம் இருக்காது.

வாடிக்கையாளரும் மாற வேண்டும். "சரி சார், பண்ணிப் பாக்குறேன்" என்று உடனே தலையாட்டுவதை நிறுத்த வேண்டும். பிழை எண்ணையும், விளக்கின் நிறத்தையும், வேகத்தையும், தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். கணக்கு எழுதி வைத்தவனிடம் யாரும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

அடுத்த முறை மழை பெய்து நெட் போகும்போது, உதவி நம்பரில் "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் நண்பர்களே: "எங்க பெட்டிக்கு லைன் வருதான்னு உங்க பக்கத்துல பாத்தாச்சா? என்ன அளவு காட்டுது?"

வருகிற பதிலை அப்படியே எழுதி வையுங்கள். பதில் வராவிட்டால் அதையும் எழுதி வையுங்கள்.